வாவிக்கரையில் உடலுழைப்பும் இருதய நலனும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாறு செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டும் எழுதப்படுவதன்று. அச்சமூகத்தினர் எதனை விளைவித்தனர், எவ்வாறு பயணஞ் செய்தனர், எவ்வாறு ஆடிப்பாடி இரவைக் கழித்தனர், எத்தெய்வத்துக்கு எவ்வாறு நேர்த்தி செலுத்தினர் என்பன யாவும் அவர்களுடைய உடலிலும் எழுதப்படுகின்றன. அவ்வெழுத்தை வாசிக்க முயல்வதும் வரலாற்று மாணவரின் கடனாகும்.

இன்று இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கான காரணங்களுள் குருதியோட்டக் குறைவால் ஏற்படும் இருதய நோய் முதலிடம் வகிக்கின்றது. நாட்டில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் நேர்வன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடாகும். மட்டக்களப்பு வாவியை அடுத்த ஊர்களும் இதற்கு விலக்கல்ல. குருதி அமுக்கமோ நீரிழிவோ உள்ளதெனக் கண்டறியப்பட்ட நடுத்தர வயதினர் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது, மருந்துப் பொதியோடு ஓர் அறிவுரையையும் பெற்றுச் செல்கின்றனர். ‘நாள்தோறும் நடவுங்கள்’ என்பதே அது. மருந்து பெரும்பாலும் உட்கொள்ளப்படுகிறது. அறிவுரை பெரும்பாலும் கைவிடப்படுகிறது. கைவிட்டவரைச் சோம்பேறி என்று பிறர் இகழ்வதும், அவரே தம்மை நொந்துகொள்வதும் வழக்கமாகிவிட்டன. இவ்விகழ்ச்சி நியாயமானதுதானா என்ற வினாவுக்கு மருத்துவம் மட்டும் விடை கூறிவிட முடியாது. வாவிக்கரை மக்கள் முன்னர் எதனால் நடந்தார்கள், பின்னர் எதனால் நடவாதொழிந்தார்கள் என்பதை வரலாற்று அடிப்படையில் நோக்கி, அதன் வழியே இன்றைய தேவையை இனங்காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாவியும் இரு கரைகளும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பகுதிவரை கடற்கரைக்கு இணையாக அது நீண்டு கிடக்கின்றது. கதிரவன் எழும் திசையில் அமைந்த நிலம் எழுவான்கரை எனவும், படும் திசையில் அமைந்த நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலமாகிய எழுவான்கரையில் மக்கள் செறிந்த ஊர்கள் தோன்றின. நெல்வயலும் மேய்ச்சல் நிலமும் படுவான்கரையிற் பரந்திருந்தன. எனவே வீடு ஒரு கரையிலும் விளைநிலம் மறுகரையிலுமாக வாழ்ந்தோர் பலராவர்.

இப்புவியியல் அமைப்பு மக்களின் அன்றாட அசைவினைத் தீர்மானித்தது. மண்முனைத்துறை, அம்பிளாந்துறை, குருமண்வெளித்துறை முதலிய துறைகளுக்கு நடந்து சென்று, தோணியேறிக் கடந்து, மறுகரையில் மீண்டும் வரம்புவழி நடந்தே வயலை அடைய வேண்டியிருந்தது. தோணியைச் செலுத்துவதும் தோளின் வேலையாகவே இருந்தது. வித்துவான் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) முதலாய நூல்கள் இப்பிரதேசத்தின் பண்பாட்டுச் செல்வத்தை விரித்துரைக்கின்றன. அப்பண்பாட்டினை ஊர்தோறும் சுமந்து சென்றவை நடந்த கால்களே என்பது மனங்கொள்ளத்தக்கது.

உழைப்பினுள் அடங்கிய பயிற்சி

‘வட்டை’ என வழங்கும் வயற்பரப்பில் உழவு, விதைப்பு, காவல், அறுவடை, சூடு மிதித்தல் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வேளாண்மை வெட்டிக் கட்டுக்கட்டாகத் தலையிற் சுமந்து களவெட்டிக்குக் கொணர்தலும், எருமைகளை வளைய நடத்திச் சூடு மிதித்தலும், தூற்றுதலும் பல நாட்கள் தொடரும் கடும் உழைப்பாகும். வாவியில் வீச்சுவலை எறிவோர் இடுப்பளவு நீரில் நெடுநேரம் நடந்தனர். அத்தாங்கு கொண்டு இறால் வடித்தோரும், கரப்பிட்டு மீன் பிடித்தோரும் அவ்வாறே உழைத்தனர். பெண்கள் நெல்லை அவித்து, உலர்த்தி, உரலிலிட்டு உலக்கையாற் குற்றினர், கிணற்றிலிருந்து நீர் அள்ளினர், விறகு சுமந்தனர். இவற்றுள் எதனையும் எவரும் தேகாப்பியாசம் என்று அழைக்கவில்லை. அழைக்க வேண்டிய தேவையும் எழவில்லை. பயிற்சி உழைப்பினுள் அடங்கியிருந்தது.

எனினும் இப்பழைய வாழ்வைப் பொற்காலமாகப் புனைந்துரைத்தல் வரலாற்று நேர்மையாகாது. மலேரியாவும் பிரசவ மரணமும் சிசு மரணமும் மலிந்திருந்த காலம் அது. 1946ஆம் ஆண்டளவில் டி.டி.டி. தெளிப்பு நாடளாவிய முறையில் தொடங்கிய பின்னரே மலேரியாவின் கொடுமை தணியலாயிற்று. இருதய நோய் தலைகாட்டும் வயதினை எட்டுமுன்னரே பலர் மாண்டனர். அன்றியும், உடலுழைப்பு யாவர்க்கும் சமமாகப் பகிரப்பட்டிருக்கவில்லை. நிலவுடைமையாளராகிய போடியார் வரம்பில் நின்று மேற்பார்வை செய்ய, வயற்காரரும் கூலியாட்களும் சேற்றில் இறங்கினர். உடல் வருந்தாதிருத்தல் உயர்ந்த நிலைக்கு அடையாளம் என்ற மனப்பாங்கு இச்சமூக உறவிலேயே வேரூன்றியது. பிற்காலத்தில் கல்வியால் உயர்ந்து உத்தியோகம் பெற்றோர் தம் பிள்ளைகள் வெயிலில் இறங்காதிருக்க வேண்டுமென விரும்பியதும் இதன் தொடர்ச்சியே. இன்று மாலைவேளையில் வீதியில் நடந்து செல்லும் உத்தியோகத்தரை நோக்கி ‘வாகனம் பழுதோ?’ என்று அயலவர் வினவும்போது, அவ்வினாவின் பின்னே நூற்றாண்டுகால நிலவுறவு நிற்கின்றது. நடவாமைக்கான காரணங்களுள் இக்கௌரவ உணர்வினைக் குறைத்து மதிப்பிடலாகாது.

களரியும் யாத்திரையும்

உழைப்புக்குப் புறம்பாகவும் உடலை இயக்கிய இரு மரபுகள் இப்பிரதேசத்தில் நிலைபெற்றிருந்தன. ஒன்று கூத்து, மற்றையது யாத்திரை.

வடமோடி, தென்மோடி என்னும் கூத்து வகைகள் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்டவை. அண்ணாவியார் ஆட்டக்காரரைத் தெரிந்து சட்டங்கொடுத்தது முதல், சதங்கை அணிந்து அரங்கேற்றம் நிகழும்வரை, மாதக்கணக்கான பயிற்சி இடம்பெறும். பகலில் வயலில் உழைத்தவர்களே இரவில் மத்தள ஒலிக்கேற்ப அடிவைத்தனர். குடும்பப் பொறுப்புடைய வளர்ந்த ஆண்கள் வெட்கமின்றி, ஊரார் முன்னிலையில், ஊரார் பாராட்ட ஆடினர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றியபோதும், பின்னர் பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்தபோதும், கல்வியுலகம் கூத்தின் கலைப்பெறுமானத்தை உணர்ந்தது. அக்கலை ஒரு சமூகத்தின் உடலை இயக்கும் ஏற்பாடாகவும் விளங்கியமை அத்துணை கவனிக்கப்படவில்லை எனலாம். பெண்கள் அக்காலத்துக் களரியில் ஆடவில்லை என்பதையும் மறத்தலாகாது.

யாத்திரையோ ஆண், பெண் இருபாலாரையும், இளையோர் முதியோர் என்ற பேதமின்றி, சாலைக்கு இழுத்தது. மட்டக்களப்பிலிருந்து தென்கிழக்குக் கரையோரமாகத் திருக்கோவில், பொத்துவில், உகந்தை வழியே சென்று, குமணை, யால காடுகளூடாகக் கதிர்காமத்தை அடையும் பாதயாத்திரை நெடுங்காலத் தொடர்ச்சியுடையது. உகந்தைக்கு அப்பாற் காட்டுவழியே பல நாள் நடந்தாக வேண்டும். கும்புக்கன் ஆற்றைக் கடந்து மாணிக்க கங்கையை நோக்கி நடக்கும் இவ்வழியில் முதியோரும் நோயுற்றுத் தேறியோரும் காணப்படுவர். 1983இன் பின்னர் யுத்தச் சூழ்நிலையால் தடைப்பட்ட இந்நெடும் யாத்திரை 1988இல் மீண்டும் உயிர்பெற்றது.

வைத்தியர் கூறியும் வீட்டு வாயிலிலிருந்து சந்திவரை நடக்க மனங்கொள்ளாத ஒருவர், கந்தனுக்கு நேர்ந்துகொண்டதும் நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீற்றர் நடக்கத் துணிவதன் காரணம் யாது? பக்தி என்ற ஒரு சொல்லுடன் இவ்வினாவை முடித்துவிடுதல் எளிது. ஆயின் அப்பக்தி செயற்படும் முறையைப் பகுத்து நோக்குமிடத்துச் சில கூறுகள் புலப்படும். முதலாவது, ஆடிமாதக் கொடியேற்றம் என்னும் தவறாத நாள். இரண்டாவது, பலரறியக் கூறிய நேர்த்தி. கூறியபின் பின்வாங்குதல் எளிதன்று. மூன்றாவது, உடன் நடக்கும் குழுவும், வழியறிந்து முன்செல்லும் தலைவரும். நான்காவது, வழிநெடுகிலும் ஊரார் அமைக்கும் தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் தங்குமிடமும். ஐந்தாவது, நடப்பவரைக் கண்டு ‘வாகனம் பழுதோ’ என்று எவரும் கேளாமை. மாறாக ‘அரோகரா’ என்று வாழ்த்துதல். நாள், வாக்கு, துணை, வழி, மதிப்பு ஆகிய இவ்வைந்தும் கூடுமிடத்துத் தளர்ந்த உடலும் நடக்கின்றது. இவற்றுள் எதுவும் தனிமனிதரின் மனவுறுதியாற் பெறப்படுவதன்று. சமூகம் அமைத்துக் கொடுப்பதாகும்.

மாற்றத்தின் போக்கு

மட்டக்களப்பின் அசைவு முறையை மாற்றிய ஆற்றல்கள் பலவாகும். 1920களில் ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயரால் எழுந்த கல்லடிப் பாலம் நகரையும் தென்பகுதி எழுவான்கரையையும் இணைத்தது. 1928இல் புகையிரதப் பாதை மட்டக்களப்பை எட்டியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பிரதேசத்தின் தென்பகுதியிற் பயிர்ச்செய்கையின் அளவையும் முறையையும் மாற்றியது. எருமை மிதித்த களவெட்டிக்கு உழவு இயந்திரம் வந்தது. உலக்கை இருந்த இடத்தில் ஆலை வந்தது. துடுப்பிருந்த இடத்தில் இயந்திரப் படகு வந்தது. பின்னர் அறுவடை இயந்திரமும் வயலில் இறங்கியது. துவிச்சக்கர வண்டி நெடுங்காலம் உடலுழைப்பின் ஒரு பகுதியைக் காத்து நின்றது. அண்மைத் தசாப்தங்களில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் அதன் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டன. 2013இல் கல்லடியிற் புதிய பாலமும், 2014இல் மண்முனைத்துறையில் பாலமும் திறக்கப்பட்டன. நோயாளரும் மாணவரும் விளைபொருளும் விரைந்து செல்ல வழிசெய்த இப்பாலங்களின் நன்மை அளவிடற்கரியது. எவரும் மீண்டும் துறையிற் காத்துநிற்க விரும்பார், விரும்புதல் முறையுமன்று.

இவ்விடத்து யுத்தத்தின் பங்கினையும் கூறாதொழிய முடியாது. 1980களிலிருந்து 2000களின் பிற்பகுதிவரை சோதனைச் சாவடிகளும் ஊரடங்குச் சட்டமும் இடப்பெயர்வும் மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தின. அந்தி சாய்ந்தபின் வீதியில் நடப்பது உயிருக்கு ஆபத்தாகிய காலம் அது. இரவிரவாக ஆடிய கூத்துக்களரிகள் பல இருண்டன. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் குடியிருப்புகளைச் சிதைத்தன. ஒரு தலைமுறை முழுவதும் அந்திக்குமுன் வீட்டுக்குட் புகுந்து கதவடைத்துக்கொள்ளப் பழகியது. அத்தலைமுறையினரே இன்று இருதய நோய் அச்சுறுத்தும் வயதினராக உள்ளனர். மாலை நேரத்தில் வீட்டினுள் அமர்ந்திருத்தல் அவர்களுக்கு வெறும் சோம்பலன்று. உயிர்காத்த பழக்கமும் ஆகும்.

விளையாட்டுத் துறையை நோக்கினும் ஓர் இடைவெளி தென்படுகின்றது. 1940களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசுசபைத் துறவிகள் மட்டக்களப்புக்கு வந்து, புனித மிக்கேல் கல்லூரியிலும் பிறவிடங்களிலும் மெய்வல்லுநர் போட்டிகளையும் கூடைப்பந்தாட்டத்தையும் வளர்த்தனர். அவர்களுள் ஒருவராகிய அருட்தந்தை வெபரின் பெயரை நகரின் விளையாட்டரங்கு தாங்கி நிற்கின்றது. இத்துறவிகளின் தொண்டு போற்றுதற்குரியது. ஆயினும் பாடசாலை விளையாட்டு வெற்றியையும் போட்டியையும் மையமாகக் கொண்டது. பாடசாலையை விட்டகன்றோர் பார்வையாளர் ஆயினர். முப்பது வயதுக்குப் பின் ஒருவர் உடலை இயக்குவதற்கு வயலும் இல்லை, களரியும் இல்லை, மைதானமும் இல்லை என்ற நிலை படிப்படியாக உருவாயிற்று.

மருத்துவச் சிந்தனையின் பயணம்

உடலியக்கத்தை மருந்தாகக் கருதும் சிந்தனை பழமையானது. சுசுருத சங்கிதை, பிரமேக நோயாளருள் வறியவரை நெடுந்தூரம் கால்நடையாகச் செல்லுமாறும் கிணறு தோண்டுதல் போன்ற உழைப்பை மேற்கொள்ளுமாறும் விதிக்கின்றது. பயிற்சியைத் தம் வலிமையின் பாதியளவிலேயே நிறுத்த வேண்டும் என்ற எல்லையையும் அந்நூல் வகுக்கின்றது. இத்தாலிய வைத்தியர் இராமசீனி 1700இல் வெளியிட்ட தொழில்சார் நோய்கள் பற்றிய நூலில், அமர்ந்து தொழில் புரிவோர் படும் இன்னல்களை எடுத்துரைத்தார்.

எனினும் இருதய நோயைப் பொறுத்தவரை இருபதாம் நூற்றாண்டின் மேலைத்தேய மருத்துவம் நெடுங்காலம் மறுதிசையிலேயே நின்றது. மாரடைப்புக்குள்ளானவரை ஆறு கிழமைகள் வரை கட்டிலிற் கிடத்துதல் அக்கால வழக்கம். 1950களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் லெவின், லவுன் என்னும் வைத்தியர்கள் நோயாளரைச் சாய்வு நாற்காலியில் அமர்த்தத் துணிந்தபோது அது புரட்சியாகக் கருதப்பட்டது. இருதய நோயாளர் அசைதலாகாது என்று இன்றும் வாவிக்கரை ஊர்களில் உறவினர் அஞ்சுவாராயின், அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. மருத்துவம் தானே கற்பித்துப் பின்னர் கைவிட்ட பாடத்தை மக்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கின்றனர் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இத்துறையிற் பெருந்திருப்பத்தை ஏற்படுத்தியவர் ஜெரமி மொறிஸ் என்னும் பிரித்தானிய ஆய்வாளராவார். இலண்டன் போக்குவரத்துச் சேவையைச் சேர்ந்த 35 முதல் 64 வயதுவரையான ஏறத்தாழ 31,000 ஆண்களை ஆராய்ந்து 1953இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளில் நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்களிடையே இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. நோய் ஏற்பட்டவிடத்தும் உடனடி மரணம் அவர்களிடையே குறைவாயிருந்தது. நடத்துநர்கள் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள்வரை ஏறினர். கடிதம் விநியோகித்த தபாற் சேவகரை அமர்ந்து பணிபுரிந்த தபாற் கந்தோர் ஊழியருடன் ஒப்பிட்டபோதும் இத்தகைய வேறுபாடு தென்பட்டது. சாரதியாகச் சேர்ந்தோர் தொடக்கத்திலேயே பருமனானவராக இருந்திருக்கலாம் என்ற ஐயத்தையும் மொறிஸ் மறைக்கவில்லை. சீருடைகளின் இடுப்பளவினைக் கொண்டு அதனையும் பின்னர் ஆராய்ந்தார். தொழிலில் உடலுழைப்பு அருகிவருவதை உணர்ந்து, 1973இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் அரச உத்தியோகத்தரின் ஓய்வுநேரப் பயிற்சியை நோக்கினார். உழைப்பிலிருந்து ஓய்வுநேரத்துக்குக் கவனம் திரும்பிய இப்பெயர்ச்சி, வாவிக்கரையில் நிகழ்ந்த வரலாற்று மாற்றத்தின் மறுபக்கமே எனலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் கிழமையொன்றுக்கு 150 முதல் 300 நிமிடங்கள்வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபடுதல் வேண்டும். விரைந்த நடை இதற்குப் போதியது. ஒரே தடவையில் பத்து நிமிடமாவது தொடர்ந்தாலே பயனுண்டு என்ற முன்னைய நிபந்தனையும் இதில் நீக்கப்பட்டது. சிறிதளவு அசைவும் பயனுடையது என்பதே இன்றைய கொள்கை.

அறிவுரையின் எல்லை

பயன் இன்னதென்று தெளிந்தபின்னும் மக்கள் நடவாதிருப்பது ஏன் என்பதே எஞ்சிய பிரச்சினை. அறிவு செயலாக மாறுவதற்கு இடைநின்ற நிலைகள் பலவென்பதை உளவியலாளர் எடுத்துக்காட்டினர். தம்மால் இயலும் என்னும் நம்பிக்கையே முயற்சியின் அடிப்படை என 1977இல் அல்பேட் பண்டுரா விளக்கினார். அந்நம்பிக்கை உபதேசத்தால் வளர்வதைவிட, சிறு வெற்றிகளாலும் தம்மை ஒத்த பிறரின் வெற்றியைக் காண்பதாலும் கூடுதலாக வளர்கின்றது. உகந்தை வழியில் எழுபது வயது மூதாட்டி முன்னே நடக்கக் காண்பவர்க்கு இக்கோட்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

தமிழகத்திலிருந்து இருவேறு சான்றுகள் ஈண்டு நோக்கத்தக்கன. சென்னையில் அ. இராமச்சந்திரன் தலைமையில் நிகழ்ந்து 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நீரிழிவின் எல்லையில் நின்ற 531 பேர் பங்கு கொண்டனர். உணவு, நடை ஆகியன பற்றித் தொடர்ச்சியாகத் தனிப்பட்ட வழிகாட்டல் பெற்றோரிடையே, அது பெறாதோருடன் ஒப்பிடுமிடத்து, நீரிழிவு தோன்றுவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நீரிழிவு இருதய நோய்க்கு இட்டுச்செல்லும் பெருவழியாதலின் இதன் முக்கியத்துவம் வெளிப்படை. ஒருமுறை கூறிவிடுதல் போதாது, தொடர்ந்து கேட்டுக்கொண்டிருத்தல் வேண்டும் என்பது இவ்வாய்விலிருந்து பெறப்படும் பாடம்.

மற்றைய சான்று இதனினும் சுவையானது. 1990களின் பிற்பகுதியில் வி. மோகன் முதலியோர் சென்னையில் நடுத்தர வருமானத்தினர் வாழ்ந்த ஒரு குடியிருப்பை ஆராய்ந்து, நீரிழிவும் இருதய நோயும் அங்கு மிகுந்திருப்பதை அக்குடியிருப்பாளர்க்கே எடுத்துரைத்தனர். அவர்கள் தமக்குள் நிதி திரட்டி, நடப்பதற்கென ஒரு பூங்காவைத் தாமே அமைத்துக்கொண்டனர். பயிற்சி செய்வோர் தொகை தொடக்கத்தில் நூற்றுக்குப் பதினான்கு பேர் அளவில் இருந்தது. சில ஆண்டுகளில் அது பாதிக்கு மேல் உயர்ந்தது. அம்மக்களின் மனவுறுதி திடீரெனப் பெருகிவிடவில்லை. நடப்பதற்கு ஓர் இடமும், உடன் நடக்க அயலவரும், தாமே உருவாக்கியது என்ற உரிமையுணர்வும் அவர்களுக்குக் கிட்டின.

மட்டக்களப்புக்குரிய வழி

இலங்கை அரசு 2009இல் நாட்பட்ட தொற்றா நோய்களைத் தடுப்பதற்கான தேசியக் கொள்கையை வகுத்தது. 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் தோன்றின. நோய் வெளிப்படுமுன்னரே வளர்ந்தோரின் குருதி அமுக்கம், குருதியிலுள்ள வெல்லம், உடல் நிறை முதலியவற்றைப் பரிசோதித்து, ஆபத்தின் அளவைக் கணித்து, ஆலோசனை வழங்குவது இந்நிலையங்களின் பணியாகும். இது சிறந்த தொடக்கம். ஆயினும் ஆலோசனை பெற்றவர் திரும்பிச் செல்லும் ஊர், நடப்பதற்குரிய ஊராக அமைந்தாலன்றி இப்பணி முழுமை பெறாது.

யாத்திரை மரபிலிருந்து பெறப்பட்ட ஐந்து கூறுகளும் இவ்வகையில் வழிகாட்டுகின்றன. நாள் குறித்தலும் வாக்களித்தலும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் எளிதில் ஆற்றக்கூடியன. கதிர்காம யாத்திரைக்குச் செல்லவிருப்போர் சில மாதங்களுக்கு முன்னரே ஊரிற் குழுவாக நடந்து பழகுவரேல், யாத்திரையும் இடரின்றி நிறைவேறும். திரும்பிய பின்னரும் அப்பழக்கம் தொடர வாய்ப்புண்டு. ஆண்டில் ஒருமுறை நடந்துவிட்டு எஞ்சிய மாதங்களில் அமர்ந்திருத்தல் இருதயத்துக்கு நிலையான காப்பாகாது. ஏலவே இருதய நோயுற்றவர்க்கும் நெஞ்சுநோவு தோன்றுபவர்க்கும் வைத்தியரின் அனுமதி முதற்படியாதல் வேண்டும். வலிமையின் பாதியளவில் நிறுத்துக என்ற சுசுருதரின் எல்லைக்கோடு இன்றைய தொடக்ககாரர்க்கும் நல்ல எச்சரிக்கையே.

துணை என்ற கூறு பெண்களின் பொருட்டு மிக இன்றியமையாததாகும். உலக்கையும் நீர்க்குடமும் அகன்றபின் அவர்களின் உடலியக்கம் ஆண்களினும் கூடுதலாகச் சுருங்கியது. தனியே வீதியில் நடக்கும் பெண்ணைக் குறித்துப் பேசும் ஊர்வாயும் அவர்களைத் தடுக்கின்றது. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தவரின் ஊர்களுக்கும் இது பொருந்தும். மாதர் சங்கங்கள் கூட்டமாக நடக்கும் நேரத்தை வகுத்துக்கொள்ளின், பேசும் வாயும் நாளடைவில் அடங்கும். கூத்தினைச் சமூக மீளுருவாக்கம் செய்யும் முயற்சிகள் சீலாமுனை போன்ற இடங்களில் நிகழ்ந்துள்ளன. அத்தகைய களரிகள் நடுத்தர வயதினர்க்கும் திறந்துவிடப்படுமாயின், கலை வளர்ச்சியோடு உடல்நலமும் கைகூடும். மத்தளத்துக்கேற்ப ஆடுவோர் நேரத்தை எண்ணுவதில்லை.

வழி என்ற கூறு உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பாகும். வாவியோரம் நிழல்மரங்களோடு கூடிய நடைபாதையும், வீதி விளக்கும், அமர்ந்து இளைப்பாறும் இடமும், தெருநாய்த் தொல்லைக்குப் பரிகாரமும் வேண்டும். வெயிலின் கடுமையால் விடியற்காலையும் அந்தியுமே நடைக்கேற்ற பொழுதுகள். இருளில் ஒளியற்ற வீதியில் வாகனங்களுக்கிடையே நடக்குமாறு முதியவரைப் பணிப்பது அறமாகாது. எஞ்சியது மதிப்பு. ஆசிரியரும் வைத்தியரும் உத்தியோகத்தரும் தாமே வீதியில் இறங்கி நடப்பரேல், நடை வறுமையின் அடையாளம் என்னும் எண்ணம் தானே தேயும். அவ்வகையில் பல்கலைக்கழகத்தாரின் பொறுப்பும் சிறிதன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகின்றது. வாவிக்கரை மக்கள் எக்காலத்தும் வெறும் மனவுறுதியால் நடந்தவரல்லர். வாவியின் அகலமும் வயலின் தூரமும் களரியின் அழைப்பும் கந்தனின் கொடியேற்றமும் அவர்களை நடத்தின. அவ்வேற்பாடுகளிற் சில முன்னேற்றத்தால் அகன்றன. சில யுத்தத்தால் அழிந்தன. ஏற்பாடு அகன்றபின் எஞ்சிய தனிமனிதரிடம் மனவுறுதியை மட்டும் எதிர்பார்த்து, அது வாய்க்காதபோது அவரைப் பழிப்பது வரலாற்றை மறந்த செயலாகும். பாலங்கள் துறைகளின் இடத்தைப் பெற்றுக்கொண்டன. துறைகளுக்கு இட்டுச்சென்ற நடைக்கு ஈடானதொன்று இன்னும் அமைக்கப்படவில்லை. அதனை அமைத்தல் நோயாளர் ஒருவரின் கடமையன்று, ஊரின் கடமையாகும்.